முகத்தில் இருந்த கரி

மேல்பட்டாம்பாக்கத்தில் கரும்பு வெட்டும் வேலையை விட்டுவிட்டு நெய்வேலிக்கு நடந்தேன். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலைக்கு பாஸ் எடுக்கப் போட்டோ கேட்டார்கள். ஸ்டுடியோவில் எனக்கு முன்னால் ஓர் அம்மாவும் மகனும் நின்றார்கள். அவர்களுடைய பழைய கேமராவில் வருஷக்கணக்காகக் கிடந்த பிலிம் ரோல், சென்னை லேபில் கழுவி வந்திருந்தது.

"முப்பத்தாறுல ஒண்ணுதாங்க தேறுச்சு," என்றார் ஸ்டுடியோக்காரர்.

மகன் முகம் சுளித்தான். "என்னாம்மா, ஹெல்மெட்டும் கரி மூஞ்சியுமா நிக்கிற?"

"ஒங்கப்பா காலொடிஞ்சு படுத்துகினு இருந்தப்ப, சொரங்கத்துல கரி ஓடுற பெல்ட்டுக்கு அடியில சிந்துன கரிய அள்ளி ஒங்களக் காப்பாத்துனேன்டா. ஷிப்ட் முடிஞ்சு வந்ததும் வூட்டு வாசல்ல வச்சு அவுருதான் ஒக்காந்தபடியே எடுத்தாரு. பாஸக்கூட திருப்பி வாங்கிகினாங்க. நான் வேல செஞ்சதுக்கு இது ஒண்ணுதான் சாட்சி. பெருசு பண்ணுங்கண்ணே, ஹால்ல மாட்டணும்."

"ஞாயித்துக்கிழம பொண்ணு வூட்டுக்காரங்க வராங்கம்மா!"

"வரட்டும், பாக்கட்டும்."

"மூஞ்ச கொஞ்சம் வெள்ளையாக்கித் தரட்டுங்களா?" என்றார் ஸ்டுடியோக்காரர்.

"கரியில கைய வச்சீங்கன்னா காசு தரமாட்டேன்."

மகன் சிரித்துவிட்டான். "அப்புடியே போடுங்கண்ணே. பெரிய பிரேமா போடுங்க."

என் படத்தை அவர் கேட்காமலே வெள்ளையாக்கிக் கொடுத்தார். அதை பாஸில் ஒட்டிக்கொண்டு, மறுநாள் காலை ஷிப்டில் பெல்ட்டுக்கு அடியில் கரி அள்ளும் வேலைக்குச் சேர்ந்தேன்.