ஜன்னல் வழியாகப் போட்ட துண்டு

உலகத்திலேயே நல்ல மெதுவடை, சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் வழியில், புதுச்சத்திரத்து டீக்கடை ஒன்றில் கிடைக்கிறது. அதைத் தின்றுவிட்டு நேரே சொர்க்கத்துக்குப் போனவர்கள் உண்டு. அங்கே வடை சரியில்லை என்று திரும்பி வந்தவர்களும் உண்டு. வடையில் தொடங்குகிறேனே என்று நினைக்காதீர்கள், சுவேதா. போன வருஷம் தை முதல் ஆனி வரை அந்த வடையை நான் இருபத்து மூன்று முறை தின்றேன். இருபத்து மூன்று முறையும் ஆஸ்பத்திரிக் காரில் போய்த் தின்றேன். நடந்தது எல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

எங்கள் ஆஸ்பத்திரியின் பழைய சர்வரை மாற்றிக்கொடுக்கச் சென்னைக் கம்பெனியிலிருந்து வந்திருக்கிறீர்கள். பழையதைத் துழாவியபோது 'காவக்காரன்' என்று ஒரு சின்னப் புரோகிராம் கிடைத்ததாக நேற்று போனில் சொன்னீர்கள். அது என்ன என்று கேட்டீர்கள். இன்னொரு கேள்வியும் கேட்டீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன். உங்கள் குரலில் ஒரு ஜாக்கிரதை தெரிந்தது. தேவையில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் ஒரு வருஷமாகக் காத்திருக்கிறேன்.

என் பெயர் சடையப்பன். கடலூரில் அந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருபத்தாறு வருஷம் இருந்தேன். இருந்தேன் என்ன, அந்தப் பிரிவே நான்தான். சர்வர் அறைக் கதவைத் திறக்காமலே, விசிறிச் சத்தத்தைக் கேட்டு எந்த வார்டில் யாருக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடுவேன் என்று நர்சுகள் பேசிக்கொள்வார்கள். கொஞ்சம் மிகைதான். நான்தான் அப்படிப் பேசச் சொன்னேன்.

நோயாளிகளின் பதிவு, ரத்தப் பரிசோதனை, டோக்கன் எல்லாம் ஜாவாவில் எழுதிய ஒரே அமைப்பில் ஓடுகிறது. தினமும் காலை ஏழு மணிக்கு அதைத் தொடங்கிவைக்க வேண்டும். எட்டு மணிக்குப் பண்ருட்டி பஸ்ஸும் பரங்கிப்பேட்டை பஸ்ஸும் ஆட்களைக் கொண்டுவந்து கொட்டும். அதற்குள் ஜாவா தன் இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த இடத்துக்கு எண் உண்டு, 8080. எயிட்டி எயிட்டி என்போம். உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் இந்தக் கடிதத்தை உங்கள் மேலதிகாரிகள் படிப்பார்கள்; அவர்களுக்கும் புரிய வேண்டும்.

பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்கள். துண்டு கிடந்தால் அங்கே வேறு யாரும் உட்காருவதில்லை. ஜாவா இன்னும் மானஸ்தன். தன் இடத்தில் துண்டு கிடந்தால் பக்கத்து இடத்துக்குப் போகாது, நின்றுகொண்டும் வராது. 'இங்கே ஆள் இருக்கிறது' என்று ஒரு வரி எழுதி வைத்துவிட்டு அப்படியே செத்து விழும். காவக்காரன் நான் போட்ட துண்டு. முப்பத்தொரு வரி. ஜாவாவுக்கு அரை நொடி முன்னால் ஏறி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஏறிய நாளில் எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் அதுதான் முதலில் ஏறும். நான் என் பெயரில் உள்ளே நுழைந்தால் மட்டும் துண்டை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கிவிடும். எழுதி முடித்த அன்று எனக்கு நானே ஒரு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தேன்.

என் இடத்துக்கு வந்த பெண் சத்யப்பிரியா. ஆஸ்பத்திரி டிரைவர் கண்ணாயிரத்தின் மகள். கீரப்பாளையத்திலிருந்து அண்ணாமலை நகருக்கு சைக்கிளில் வந்து படித்தவள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் அவளை என்ன படிக்க வைப்பது என்று கண்ணாயிரம் என்னிடம்தான் கேட்டார். கம்ப்யூட்டர் என்று நான்தான் சொன்னேன். என் பழைய புத்தகங்களை ஒரு அரிசி மூட்டை அளவுக்குக் கொடுத்தேன். ஆகவே அவள்மேல் எனக்குப் பகை என்று யாராவது சொன்னால் அது அபாண்டம்.

ஓய்வுபெறும் முன் ஒரு மாதம் அவளுக்குப் பயிற்சி கொடுத்தேன். அப்போதெல்லாம் சர்வர் எழுந்து நிற்க நாற்பது நிமிடம் ஆகும். மூன்றாம் நாள் அவள் அதை நாலு நிமிடத்துக்குக் கொண்டுவந்தாள். பெரிய டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். "சார், இந்தப் பத்து வரி தேவையே இல்ல சார். பதினோரு வருஷமா சும்மா ஓடிக்கிட்டு இருக்கு," என்று சிரித்தாள். கிண்டல் இல்லை, சந்தோஷம். பெரிய டாக்டரும் சிரித்தார். நானும் சிரித்தேன். நான் செய்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பேச்சு வந்ததால் சொன்னேன்.

கோயில் வெடிக்குத் திரியை நீளமாக விடுவார்கள். நானும் விட்டேன். ஓய்வுபெற்று இருபது நாள் கழித்துத்தான் சர்வர் முதல்முறை விழுந்தது. அந்த இருபது நாளில் என் போனுக்கு வந்த அழைப்பு ஒன்றே ஒன்று, கேஸ் சிலிண்டர்க்காரர். இருபத்தோராம் நாள் காலை எட்டே காலுக்கு, அண்ணாமலை நகரில் என் வீட்டு வாசலில் வெள்ளைக் கார் வந்து நின்றது. தெருவே வெளியே வந்து பார்த்தது. எதிர்வீட்டுக்காரர் பல்துலக்கிய நுரையோடு நின்றார். அன்று நான் நடந்த நடைக்குத் தேர் தோற்றிருக்கும்.

கண்ணாயிரம் வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினார். புதுச்சத்திரம் வந்ததும் வண்டியை மெதுவாக்கினார்.

"அய்யா, நேரா போயிடலாமுங்களா? கியூ கேட்டத் தாண்டி ரோடு வரைக்கும் நிக்குதாம். பாப்பா போன்ல அழுவுது."

"பதறுனா ஆவுமா கண்ணாயிரம்? ரெண்டு வடை சொல்லு, சூடா."

"சரிங்க அய்யா. ஆறு மாசம் அவுங்க பாத்துட்டுத்தான் பெர்மனன்ட் பண்ணுவாங்களாம். மொத மாசமே இப்படி ஆவுதே."

"நான் இருக்கேன் இல்ல?"

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கும்பிட்டார். வண்டி நின்றுதான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் நான் உடனே என் பெயரில் நுழைந்துவிடுவதில்லை. சர்வரில் காதை வைத்துக் கேட்பேன். ஒரு காபி. தலையைக் கொஞ்சம் ஆட்டுவேன். கால் மணி நேரம் கழித்து நுழைவேன். ஜாவா எழுந்து உட்காரும். கியூவில் நின்றவர்கள் கை தட்டிய நாளும் உண்டு.

மூன்றாவது முறை போனபோது சத்யப்பிரியா என்னை நிறுத்தினாள்.

"சார், ஒரு நிமிஷம். நீங்க உள்ள போறதுக்கு முன்னாடி இதப் பாருங்க. எயிட்டி எயிட்டில காவக்காரன்னு ஒண்ணு உக்காந்துருக்கு. இதனாலதான் ஜாவா விழுவுதுன்னு தோணுது. நிறுத்திப் பாக்கவா?"

மூன்றே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். நான் எதிர்பார்த்தது மூன்று வருஷம். அவள் விரல் விசையின் மேல் நின்றது. அதை அழுத்தியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

"ஏம்மா, ஒரு எடத்துல பொணம் கெடக்குது. பக்கத்துல போலீஸ்காரர் நிக்கிறாரு. அவரா கொன்னாரு?"

"இல்ல சார்."

"செத்ததாலதான வந்து நிக்கிறாரு? ஜாவா விழுந்தா வாசல் தொறந்து கெடக்கும். கண்டவன் நுழையாம இருக்க நான்தான் காவலுக்குப் போட்டிருக்கேன். அத நிறுத்துனா நோயாளிங்க ஃபைல் மொத்தமும் போயிடும். ஜாவா ஏன் சாவுதுன்னு நீ பாரு."

அவள் விரலை எடுத்துக்கொண்டாள். "சாரி சார்" என்றாள். நோட்டைத் திறந்து, 'காவக்காரன் - தொடக்கூடாது' என்று எழுதி இரண்டு கோடு போட்டாள். அவளுடைய கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்.

பிறகு ஜாவா ஏன் சாகிறது என்று ஐந்து மாதம் தேடினாள். நினைவகத்தைக் கூட்டினாள். ஜாவாவைப் பிடுங்கிவிட்டுப் புதிது போட்டாள், பிறகு பழையதையே போட்டாள். சர்வர் தானே எழுதிவைக்கும் பதிவேட்டின் நாலாயிரம் வரியை அச்செடுத்து, மதியச் சாப்பாட்டுக்குப் போகாமல் பென்சிலால் கோடு போட்டுப் படித்தாள். இல்லாத காரணத்தை அவ்வளவு ஒழுங்காகத் தேடிய ஒருவரை நான் பார்த்ததில்லை. ஒரு நாள் நன்றாக எழும், மூன்று நாள் நன்றாக எழும், நாலாம் நாள் விழும். அடுத்த வாரம் இரண்டாம் நாளே விழும். எதிலும் ஒரு கணக்கு பிடிபடாது.

ஒன்று மட்டும் எல்லோருக்கும் பிடிபட்டது. அவள் லீவு போட்ட நாட்களில் டோக்கன் கவுன்டர் அன்பரசு தொடங்குவான். அவன் தொடங்கி ஒரு நாளும் விழவில்லை. முதலில் சிரிப்பாகத்தான் ஆரம்பித்தது. "சத்யா, எங்க மெஷின் பக்கம் வராதடி, அதுக்கு இன்னும் வாரண்டி இருக்கு," என்று பரிசோதனைக் கூடத்துக் கலைமணி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். சித்திரையில் யாரும் சிரிக்கவில்லை. கைராசி இல்லாத பெண் என்று ஆகிவிட்டது. மற்ற இடத்தில் என்றால் போகட்டும் என்று விடலாம். ஆஸ்பத்திரியில் அது பெரிய வார்த்தை. பிரசவ வார்டு வழியாக அவள் போனால் உள்ளேயிருந்து கதவைச் சாத்தினார்கள். கண்ணாயிரம் அவள் மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டினார். கயிறு கட்டிய கையாலேயே தொடங்கினாள். அன்றும் விழுந்தது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. அந்த முப்பத்தொரு வரிக்குள் ஏன் ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறது என்று கேட்டீர்கள். பதினேழாவது வரி. தொடங்குவது சத்யப்பிரியாவாக இருந்தால் மட்டும் துண்டு போடு, அதையும் தினமும் போடாதே, சீட்டுக் குலுக்குவது போல் நினைத்தபோது போடு என்று எழுதியிருக்கிறேன். அவளுக்குப் பயிற்சி கொடுத்த மாதத்திலேயே எழுதியது. அவள் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். பெயரில் எழுத்துப்பிழை வரக்கூடாதென்று அவளிடமே கேட்டு அடித்தேன்.

ஆனியில் அவளுடைய ஆறு மாதத் தவணை முடிந்தது. பெரிய டாக்டர் என்னை உட்காரவைத்து, "நீங்க சொல்லுங்க சடையப்பன், உங்க பேச்சுதான் முடிவு," என்றார்.

"நல்ல பொண்ணு சார்," என்றேன். "புத்திசாலி. மனசுதான் நிலையா இல்ல. சரியா சாப்பிடறதில்ல, கை நடுங்குது. உயிர் சம்பந்தப்பட்ட எடம் பாருங்க."

கை நடுங்கியது உண்மை. நான் பொய் சொல்லும் ஆள் இல்லை.

திரும்பும்போது கண்ணாயிரம்தான் ஓட்டினார். "பாப்பாவுக்காக ரெண்டு வார்த்தை பேசுனீங்களா அய்யா?" என்றார். பேசினேன் என்றேன். அன்று வடைக்கு நிறுத்தச் சொல்லவில்லை. எனக்கும் மனசு உண்டு.

அடுத்த வாரமே என்னைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அதே அறை, அதே நாற்காலி, தினமும் கார். நீங்கள் மாற்றி முடிக்கும் வரை இந்த வாரம் மட்டும்தான் வீட்டில் இருக்கிறேன். நான் வந்த பிறகு சர்வர் ஒரு நாள்கூட விழவில்லை. அந்தப் பழைய சர்வரின் கணக்கிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணாயிரம் அவளை என் வீட்டுக்கு அழைத்துவந்தார். துப்பட்டாவுக்குள் இரண்டு கையையும் மறைத்துக்கொண்டு நின்றாள். காபி டம்ளரை நீட்டினேன், வாங்கவில்லை.

"எதையும் தொட மாட்டேங்குது அய்யா," என்றார் கண்ணாயிரம். "லைட்டு சுவிச்சு, மிக்ஸி, எதுவும். அக்காளுக்குக் கொழந்தை பொறந்து மூணு மாசம் ஆவுது. ஒரு தடவ தூக்கல. என் கை பட்டா எதுனா ஆயிடும்ங்குது. நாங்க சொன்னா கேக்கல. நீங்க சொன்னா நம்பும். அந்த சர்வரு விழுந்தது அவ கையால இல்லன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க அய்யா."

அவள் தலையை நிமிர்த்தினாள்.

"நான் எங்க தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லுங்க சார். தெரிஞ்சா போதும்."

யோசித்தேன். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடக்கூடாதல்லவா.

"சில பேர் கைக்குச் சில மெஷின் ஒத்து வராதும்மா," என்றேன். "மனசுல வெச்சுக்காத."

அவள் தலையாட்டினாள். கண்ணாயிரம் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனார். படலை அவர்தான் திறந்தார், அவர்தான் சாத்தினார்.

இந்தக் கவரைக் கண்ணாயிரத்திடம்தான் கொடுத்தனுப்புகிறேன். நன்றாக ஒட்டியிருக்கிறேன். அவருக்கு இப்போது படபடப்பு வருகிறது. வந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். நீங்கள் போலீசுக்குச் சொன்னாலும் சரி, பெரிய டாக்டரிடம் சொன்னாலும் சரி, அந்த முப்பத்தொரு வரியைக் காட்டும்போது எழுதியவன் பெயரையும் சேர்த்துக் காட்டுங்கள். அவ்வளவுதான் நான் கேட்பது.

அவளைப் பற்றி மட்டும் தவறாக நினைக்காதீர்கள். என்னிடம் பயின்றவர்களிலேயே கெட்டிக்காரி அவள்தான். மூன்றாவது வாரமே கண்டுபிடித்தவள், ஒரு விசையை அழுத்தியிருக்கலாம், அழுத்தவில்லை. திறமை எல்லாம் இருந்தது, தன்மேல் நம்பிக்கைதான் இல்லை. அதை நான் எப்படிச் சொல்லிக்கொடுக்க முடியும்?