டால்டன் உன் டீமுக்கு வரவே மாட்டான்

ஹலோ... ஹலோ... யாரு? சத்தமாப் பேசுங்க, இங்க ஒரே இரைச்சல்... யாரு, கிளின்ட்டா? அடேயப்பா! சான் அன்டோனியோ டீமோட ஜெனரல் மேனேஜர் ஐயா! என் நம்பரை இன்னுமா வெச்சிருக்க? நான் ரிட்டயரான அன்னிக்கே என் காபி மக்கோட சேர்த்து அதையும் தூக்கிப் போட்டிருப்பேன்னுல்ல நெனச்சேன்...

ஆமா... ஆமா ஆமா, டால்டன் ஹோலுபெக் வீட்டுலதான் இருக்கேன். எதிர்வீட்டுல குடியிருந்துக்கிட்டு வராம இருப்பேனா? டெக்சாஸே இங்க வந்து உக்காந்திருக்கு. ரெண்டாயிரம் பேர் இருப்பாங்க... சரி, ஐம்பது பேர். ஐம்பதே பேர்தான், போதுமா? தலையை எண்ணவா போன் போட்ட?

...

டிவியா? அதுதானே மூணு நாளா ஓடுது. வியாழக்கிழமை நீ புது கோட்டு போட்டு உக்காந்திருந்த. வெள்ளிக்கிழமை கோட்டைக் காணோம். இன்னிக்கு உன் டிராஃப்ட் ரூமைக் காட்டினாங்க பாரு... தாடியில சாஸ்... ஆமாப்பா, நாடே பாத்துச்சு. இடது பக்கம். இன்னும் கொஞ்சம் கீழ. ம், போயிடுச்சு.

சரி, விஷயத்துக்கு வா. நம்ம அமெரிக்க ஃபுட்பாலுக்குக் கல்லூரிப் பசங்களையெல்லாம் முறை வெச்சுப் பொறுக்கி ஏழாவது ரவுண்டுக்கு வந்தாச்சு. உன் கையில பாக்கி ஒரே ஒரு பிக், இன்னும் ஒருத்தனைத்தான் எடுக்கலாம். அதுக்கு இன்னும் மூணு டீம் தாண்டணும். இந்த நேரத்துல ரிட்டயரான கிழவியோட நலம் விசாரிக்கணும்னு உனக்குத் தோணிடுச்சு. மனசு குளிருதுப்பா.

...

ஓ! டால்டனைப் பத்தியா? அப்படியா? எனக்குத் தோணவே இல்லையே!

ம்... ம்... ரெண்டு பேரு மனசுல இருக்கு, ஒருத்தன் எங்க டால்டன். சரி. இன்னொருத்தன்?... ஆறடி ஒம்போது அங்குலமா! ஆத்தாடி, அது ஆளா கொக்கா?... ஓட்டத்துல மானா? கொக்கு உடம்புல மான் காலு, சர்க்கஸ்ல சேக்கலாம். போன சீசன்ல எத்தனை பந்து பிடிச்சான்?... சரியாக் கேக்கல... ரெண்டா? மேட்சுக்கு ரெண்டா, வருஷத்துக்கு ரெண்டா?...

இல்லையே, நான் சிரிக்கலையே. இருமினேன்.

நீங்க பேசிக்கிறது எனக்குத் தெரியாதா? அந்த ரூம்ல உங்களுக்கு செக்ரட்டரியா உக்காந்து போன் எடுத்து எடுத்து எனக்கு ஒரு பக்கக் காதே தட்டையாப் போச்சு. கடைசி ரவுண்டு வந்தா உங்களுக்கெல்லாம் ஜாதகம் பாக்குற கண்ணு வந்துடும். விளையாட்டைச் சொல்லிக் குடுத்துக்கலாம், உயரத்தைச் சொல்லிக் குடுக்க முடியாதுன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு ஒரு கொக்கைப் பிடிப்பீங்க. வருஷா வருஷம் கொக்கு. எல்லாக் கொக்கும் இப்ப எங்கப்பா? ஒருத்தன் லூயிசியானால இன்ஷூரன்ஸ் விக்கிறான். பல்பு மாத்த அந்த ஆபீஸ்ல ஏணியே வாங்கலையாம்.

...

ஆமா ஆமா, நீ புத்திசாலி. உன்னோட வழக்கமான தந்திரம்தானே? நான் பாக்காததா? கூப்பிட்டா ஓடி வர்றவனுக்கு எதுக்கு பிக்கை வீணாக்கணும்? முறுக்கிக்கிட்டு நிக்கிறவனை டிராஃப்ட்ல பிடிச்சுப் போடு. பல்லைக் காட்டுறவனை விட்டுடு, டிராஃப்ட் முடிஞ்ச கையோட போன் போட்டாச் சும்மாவே வந்துடுவான். அதானே?... அதுக்குத்தானே இந்த போனு? டால்டன் முறுக்குறவனா, பல்லைக் காட்டுறவனா, எதிர்வீட்டுக் கிழவிகிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்னு. நல்லா இரு.

கேட்டுக்கோ. வரவே மாட்டான்.

...

வரமாட்டான்ப்பா! உன் டீம் பேரைச் சொன்னாலே முகத்தைத் திருப்பிக்கிறான். ராத்திரி தூக்கத்துல கூட ‘சான் அன்டோனியோ வேண்டாம், வேண்டாம்’னு அலறுறான்னு அவங்கம்மா டார்லீனே சொன்னா... டால்டன்! அந்தத் தொப்பியைக் கழட்டு முதல்ல!... இல்லப்பா, உன்கிட்டச் சொல்லல... எந்தத் தொப்பியா? ஏதோ ஒரு தொப்பி, உங்க டீம் தொப்பி இல்லவே இல்ல. வெயிலுக்குப் போட்டிருக்கான்... வீட்டுக்குள்ளதான். இந்த வீட்டுல ஜன்னல் பெருசு.

நீ முந்திக்கலேன்னா நெப்ராஸ்காவுல இருக்கற ஒமாஹா டீம்காரன் தூக்கிட்டுப் போயிடுவான், சொல்லிட்டேன். அவங்க லைன் கோச், தடுக்குற குண்டனுங்களுக்குச் சொல்லிக் குடுக்கறவன், இப்ப சமையலறையிலதான் உக்காந்திருக்கான்... சத்தியமா! ஜாம் வெச்ச கொலாச்சியை ஒரு தட்டு முழுங்கிட்டு ரெண்டாவது தட்டுல கை வெச்சிருக்கான்... பேரா? வாய் நிறைய பன்னு வெச்சிருக்கிறவன்கிட்டப் பேரை எப்படிக் கேக்கறது?... ஆளு எப்படியா? குண்டா இருக்கான். லைன் கோச்சுன்னா வேற எப்படி இருப்பான்?...

கிளின்ட். நான் பொய் சொல்றேன்னா நெனைக்கிற? இந்த வயசுலயா? ... சிரிக்காதே. ரூம்ல எல்லாருமே சிரிக்கிறாங்களா? என்னை ஸ்பீக்கர்லயா போட்டிருக்க? எடுடா முதல்ல. எடு.

...

எடுத்துட்டியா? சரி, இரு, நானும் பின்வாசலுக்கு வந்துடறேன்... ம். இப்ப கேளு. ஒமாஹாவை விடு. தூக்கத்துல அலறினதையும் விடு. ஆகஸ்ட்ல பயிற்சி கேம்ப் நடக்கும்போது டீம்லேர்ந்து முதல்ல யாரை வெட்டுவ? டிராஃப்ட்ல எடுத்தவனை வெட்டுனா, ஏன்டா இவனைப் பொறுக்குனேன்னு முதலாளி உன் சட்டையைப் பிடிப்பாரு. அதுக்குப் பயந்தே அவனுக்கு இன்னொரு வாரம் குடுப்ப, இன்னொரு மேட்ச் குடுப்ப. சும்மா வந்தவனுக்கு லாக்கர்ல பேரே கிடையாது. டேப்பை ஒட்டி எழுதுவீங்க. பிச்சு எறிய வசதியா இருக்கும்ல? அந்த டேப்பை வாங்கி வெச்சதே நான்தானே... 

டால்டனுக்கு அந்த இன்னொரு வாரம் வேணும்ப்பா. மெதுவாத்தான் சூடு பிடிப்பான். பிடிச்சுட்டா நிப்பான். தடுக்கவும் தெரியும், உதைக்கிறவனுக்குப் பந்தைக் கால் இடுக்கு வழியாப் பின்னால வீசவும் தெரியும், ஒரே சாப்பாட்டுல ரெண்டு ஆளு உனக்கு. சும்மா வந்தான்னா ரெண்டே வாரத்துல திரும்பி வந்து இங்க மாட்டுத் தீவனக் கடையில மூட்டை தூக்கிட்டு நிப்பான். அவன் நிப்பான், ஒண்ணும் சொல்லமாட்டான். என்னாலதான் எதிர்வீட்டுல இருந்துக்கிட்டு அதைப் பாக்க முடியாது...

குரலா? குரலுக்கு என்ன? கறி சுடுற புகைப்பா.

...

ம்... ம்... என்னது? அவன்கிட்ட போனைக் குடுக்கணுமா? முடியாது. குளிக்கிறான்... ஆமா, இப்பத்தான் தொப்பி போட்டிருந்தான். தொப்பியோடதான் குளிப்பான். அந்தக் குடும்பமே அப்படித்தான்... 

டார்லீன், நீ ஏன் இங்க வந்த? உள்ள போ. போன்ல யாரும் இல்ல, ராங் நம்பர்... டால்டன், உன் அம்மாவைக் கூட்டிட்டுப் போ... ராங் நம்பர்ங்கறேன்ல!... வேண்டாம். டால்டன், நான் சொல்றதைக் கேளு, வேண்டாம், இது உன் நல்லதுக்குத்தான்... ஏய், கையை விடு... முந்நூறு பவுண்டு ஆளு நீ, என் விரல்லாம் சுள்ளிடா... மரியாதையாக் கேட்டா மட்டும் குடுத்துடுவேனா? ‘ப்ளீஸ் வெர்னாம்மா’ன்னா... ஐயோ, அந்தக் கண்ணை வெச்சுக்கிட்டுப் பாக்காதே... இந்தா. இந்தா, தொலை.

...

...

ஹலோ. நான்தான். 

சொல்லிட்டானா?... என்ன சொன்னான்?... நடந்தே வர்றேன்னானா. ம்... டிராஃப்ட் பண்ணினாலும் சரி, பண்ணாட்டியும் சரின்னானா. அதையும் சொல்லிட்டானா... தண்ணி பாட்டில் கூடத் தூக்கறேன்னு?... சின்ன வயசுலேர்ந்து உங்க டீம்தானாம். எத்தனை ‘சார்’ போட்டான்?... அதுவும் எண்ண முடியலையா.

நாசமாப் போச்சு. டார்லீன் புள்ளையை நல்லா வளர்த்துட்டா.

...

கிளின்ட், கொஞ்சம் யோசி. இருப்பா. டிவியில உன் டீம் பேரு வந்துடுச்சு, கடிகாரம் ஓடுது, தெரியுது. உண்மையைச் சொன்னான்னு ஒருத்தனுக்கு தண்டனை குடுக்காதே. இப்படி ஒருத்தன் உன் ரூம்ல இருக்கறதே நல்லது, மத்தவனுக்கெல்லாம் தொத்திக்கும்... நாலே நிமிஷம்தான், தெரியும்ப்பா, அந்த நாலு நிமிஷத்துல பீட்சாவே ஆர்டர் பண்ணியிருக்கீங்க நீங்க. நானே பண்ணிக் குடுத்திருக்கேன்... கிளின்ட்? பேரு எழுதின சீட்டை மேடைக்கு அனுப்பாதே... அனுப்பிட்டியா?

...

கொக்கு.

ம். வந்துடுச்சு. மேடையில கொக்கு பேரை வாசிக்கிறாங்க. 

இங்கயா? இங்க என்ன இருக்கு? எல்லாரும் கொண்டாட வாங்கி வெச்ச கேக்கையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. டார்லீன் தட்டையெல்லாம் திரும்பவும் துடைக்கிறா. ஏற்கெனவே துடைச்ச தட்டு. டால்டன் கை தட்டுறான்... கொக்குக்குத்தான்! ‘பாவம், அவனும் காத்துக்கிட்டுதானே இருந்திருப்பான்’னு கை தட்டுறான். இந்த உலகத்துல இவன் எப்படித்தான் பிழைக்கப் போறானோ...

ஆமா... சொல்றேன்... சொல்றேன். டிராஃப்ட் முடிஞ்ச மறு நொடி போன் போடுவ, முதல் ஆளா கையெழுத்து வாங்குவ. ரொம்ப தாராளம். உன் சிலையை எங்க ஊர் பெட்ரோல் பங்க் வாசல்ல வெக்கறோம்... வெற்றின்னு நெனச்சுக்கோ, நெனச்சுக்கோ. ஒரு பிக்குல ரெண்டு பேரைப் பிடிச்சுட்ட. உன் ரூம்ல எல்லாரும் உன் முதுகைத் தட்டுறாங்களா? கேக்குது... 

இரு. ஒரு நிமிஷம் இரு.

அவன் போன் அடிக்குது.

நீயா போடுற?... நீ என்கிட்டல்ல பேசிக்கிட்டிருக்க. உன் ஆளுங்க யாராவது?... இல்லையா? நல்லாக் கேட்டுச் சொல்லு... டார்லீன், எந்த ஊர் நம்பர்? எடுத்துப் பாரு... எது? நெப்ராஸ்காவா? 

ஷ்ஷ்! எல்லாரும் வாயை மூடுங்க! அந்த நாயைப் பிடிங்கப்பா!...

எழுந்து நின்னுட்டான். கிளின்ட், அவன் எழுந்து நின்னுட்டான். ‘யெஸ் சார்’ங்கறான்... இன்னொரு ‘யெஸ் சார்’... சுவத்துல ஒரு கையை ஊனிக்கிட்டான். அழுறான்பா. மலை மாதிரி இருந்துக்கிட்டு மூக்கை உறிஞ்சுறான். 

டிவியைப் பாரு! ஒமாஹா! உனக்கு அடுத்த முறை ஒமாஹா! வாசிக்கிறாங்க, வாசிக்கிறாங்க... டால்டன் ஹோலுபெக்! பேரைத் தப்பா உச்சரிக்கிறாங்க, பரவாயில்லை, பரவாயில்லை, எங்க பேருதான் அது! கேக்குதா இங்க சத்தம்? கூரை போச்சு! ஜன்னலெல்லாம் போச்சு! பக்கத்து ஊர் மாடெல்லாம் வேலியைத் தாண்டி ஓடுது!

...

என்னது?... கத்தாதேப்பா, ஒரு காதுதான் பாக்கி எனக்கு... யாரு சொன்னாங்கன்னா? பெர்ரிக்கா? ஒமாஹாவோட அந்தப் புது மேனேஜர் பையனுக்கா? 

...

காலையில போன் போட்டிருந்தான். அவனும் நலம் விசாரிக்கத்தான். எல்லாருக்கும் இன்னிக்கு என் மேல பாசம்... என்ன சொல்லியிருப்பேன்? உண்மையைச் சொன்னேன். கிளின்ட்டுக்கு இந்தப் பையன் மேல உயிரு, அதனாலதான் டிராஃப்ட்ல தொடமாட்டான், முடிஞ்ச மறு நிமிஷம் வந்து அள்ளிக்கிட்டுப் போயிடுவான், அதுதான் அவன் தந்திரம்னேன். அவ்வளவுதான்...

சரி, ஹெலிகாப்டர்னும் சொன்னேன்.

...

தீவனக் கடை மொட்டை மாடியில வந்து இறங்கப் போகுதுன்னு சொன்னேன். சுண்ணாம்புல வட்டம் போட்டாச்சுன்னும் சொன்னேன். முதலாளியே பைலட் பக்கத்துல உக்காந்து வர்றாருன்னு... அது கொஞ்சம் அதிகம்தான், ஒத்துக்கறேன். நடுவுல பெர்ரி பேனாவைத் தேடுற சத்தம் கேட்டுச்சா, எனக்கு உற்சாகம் வந்துடுச்சு.

...

உன்கிட்டயும் அதைச் சொல்லியிருக்கலாம்தான். நீ நம்பியிருப்பியா ராசா? உனக்கு என்னைத் தெரியும். நான் எது சொன்னாலும் பத்தால வகுத்துட்டுத்தானே காதுல வாங்குவ? பெர்ரி நல்ல பையன். இன்னும் வகுக்கக் கத்துக்கல.

...

கோவிச்சுக்காதே. உனக்குத்தான் கொக்கு இருக்கே. மழைக்கு ஒதுங்கலாம்... வெச்சுடறேன், வெச்சுடறேன், டால்டன் இந்தப் பக்கமா ஓடி வர்றான், என்னைத்தான் கட்டிப் பிடிக்கப் போறான் போலிருக்கு... வேண்டாம்டா, மெதுவா... தூக்காதே! தூக்காதேங்கறேன்ல! டால்டன், என் இடுப்பு ஸ்டீல்டா, புதுசுடா, டாக்டர் திட்டுவாரு... டார்லீன், இவனை இறக்கி விடச் சொல்லு... போனு, போனு, கேக்குல விழப் போ—