தினம் ஒரு தாள்

பதுளை பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள்.

“நீ குடுத்த நாவல தெனம் ஒரு தாளாக் கிழிச்சு மலைக்குக் கொண்டு போனேன்டி,” என்றாள் ஒருத்தி.

“கிழிச்சியா?” மற்றவள் போட்ட சத்தத்தில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

“முழுப் புத்தகம்னா கையில எடுக்கவே மாட்டேன். ஒத்தத் தாள்னா தேத்தண்ணி நேரத்துல படிச்சிருவேன். பெறகு கொழுந்து பறிச்சுக்கிட்டே சொல்லிப் பாப்பேன். சாயங்காலம் மழையில தாள் கரைஞ்சிரும், ஆனா மனசுல அப்படியே நிக்கும்.”

“அடிப்பாவி, நானே இன்னும் படிக்கலயேடி!”

“அதுக்கென்ன? மொதத் தாள்லருந்து சொல்றேன், கேளு.”

“கடைசியில என்ன ஆச்சுன்னு மட்டும் சொல்லு.”

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். “கடைசித் தாளக் கொண்டு போன அன்னிக்குத் தேத்தண்ணிக்கு முன்னாலயே மழை வந்திருச்சுடி.”