ஜன்னலில் அவன் சொன்னது

செவ்வாய்க்கிழமை எனக்கு வார விடுமுறை. செனாயில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஞாயிறுக்குத்தான் போட்டி. பிள்ளைகள் உள்ளவர்கள் கேட்பார்கள். எனக்குச் செவ்வாயே போதும் என்று பல வருடங்களுக்கு முன் எழுதிக் கொடுத்துவிட்டேன். போர்வைகளைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போலீஸ் வண்டி வந்து நின்றது.

மலாயில் எழுதத் தடுமாறினால் தமிழிலேயே எழுதலாம், மொழிபெயர்க்க ஆள் இருக்கிறார் என்று விசாரணைக் குழுவில் சொன்னீர்கள். அதனால் தமிழில் எழுதுகிறேன். நிதானமாக எழுதினால் சரியாக வரும் என்று நினைக்கிறேன்.

அன்று காலை ஒன்பது மணிக்கு என் தம்பி ரூபேந்திரன், கூலாயில் ஒரு வரிசை வீட்டில் நடக்கும் பாலர் பள்ளிக்குள் பாராங் என்கிற நீண்ட வெட்டுக்கத்தியோடு நுழைந்து கேட்டைப் பூட்டினான். அங்கே ஆசிரியையாக இருந்த லோஷினி அவன் மனைவி. எட்டு மாதமாக அவனைப் பிரிந்திருந்தாள். அவர்களுடைய ஐந்து வயது மகள் கவிஷாவும் அங்கேதான் படித்தாள். பதினொரு பிள்ளைகளில் ஒன்பது பேரை மதியத்துக்குள் அவனே வெளியே விட்டான். கவிஷா உள்ளே இருந்தாள். அவள் கையை விடமாட்டேன் என்று அழுத அவள் தோழி ஃபரீஹாவும் உள்ளேயே இருந்துவிட்டாள்.

மாலை நாலரை மணிக்குப் போலீஸ் உள்ளே புகுந்தது. புகைக்குண்டு, பிள்ளைகள் மதியம் தூங்கும் மெத்தைகள்மேல் விழுந்து தீப்பிடித்தது. லோஷினி மகளை வாசலுக்குத் தள்ளிவிட்டு ஃபரீஹாவைத் தேடி உள்ளே திரும்பினாள். இருவரும் வெளியே வரவில்லை. என் தம்பி முன்வாசலில் சுடப்பட்டான். அவன் கைகளில் ஒன்றும் இல்லை. கத்தி காலணி அலமாரியின்மேல், பிள்ளைகளின் சின்னச் சின்னக் காலணிகளுக்கு மேலே இருந்தது.

அந்தக் கத்தியின் படம்தான் மக்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. கீழே வைத்துவிட்டவனை ஏன் சுட்டார்கள், ஏன் அவ்வளவு அவசரம் என்று எல்லோரும் கேட்டார்கள். பள்ளியின் வேலி முழுவதும் பூவும் பொம்மையும் கட்டினார்கள். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் மோட்டார் சைக்கிளில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்தார்கள். ஃபரீஹாவின் தந்தை அப்துல் ஹலீம் தம் உணவுக்கடையை நாற்பது நாள் திறக்கவில்லை. ஊரில் காலைப் பசியாற இடம் தேடியவர்கள்கூட முணுமுணுக்கவில்லை.

முதல் வாரம் என்னைக் கண்டு முகத்தைத் திருப்பியவர்கள், அந்தப் படம் வந்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மெழுகுவர்த்தி ஊர்வலத்தில் ஹலீம் பாய் என்னைத் தம் பக்கத்தில் நிற்கவைத்தார். "நீங்க என்னக்கா செய்வீங்க. ஒங்க தம்பியையும்தானே கொன்னுபுட்டானுவ" என்றார். அவர் என் தோளைத் தொடவில்லை, ஆனால் தொட்டதுபோல் இருந்தது. நான் அழுதேன். அது நடிப்பு அல்ல.

எங்கள் அம்மா இறந்துபோனபோது எனக்குப் பதினேழு வயது, ரூபனுக்கு இரண்டு. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. அவனுக்குச் சோறு ஊட்டினேன், பள்ளிக்கு அனுப்பினேன், அம்மை போட்டபோது வேப்பிலையால் தடவிக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். எனக்கு இரண்டு வரன்கள் வந்து போயின. அவன் லோஷினியைக் கட்டிக்கொண்டு வந்தபோது என் அறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டுக் கூடத்தில் படுத்தேன். அவன் குடித்தான், அவளை அடித்தான், அவள் போய்விட்டாள். பிறகு என்னை அடித்தான். குளியலறையில் வழுக்கிவிட்டது என்று சூப்பர்வைசரிடம் சொல்வேன். ஆனால் காலையில் என் கையால்தான் தேநீர் குடிப்பான். நானும் அவனும் மட்டும் இருந்த அந்த எட்டு மாதம், அவன் அடித்தும், வீடு அமைதியாக இருந்தது என்று சொன்னால் உங்களுக்கு விளங்காது.

அன்று அங்கே பொறுப்பில் இருந்த போலீஸ் சார்ஜன் வீரமுத்துவைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். அவசரப்பட்டுப் போலீஸை உள்ளே புகவைத்தவர் என்று ஊரே வைகிற மனிதர் அவர். போலீஸ் தொலைபேசியில் அழைத்தபோது ரூபன் எடுக்கவில்லை, அக்காவை அனுப்பு என்று மட்டும் கத்தினான். பின்பக்கம் சமையலறை ஜன்னலில் கம்பி இருந்தது. அங்கே நான் தனியாகப் போய்ப் பேச வேண்டும். என் சட்டையில் மைக் மாட்ட ஓர் இளம் போலீஸ்காரர் வந்தார்.

"அவன் கண்ணு கழுகுக் கண்ணு தம்பி, பாத்துட்டான்னா கெட்டுச்சு" என்றேன்.

வீரமுத்து அந்த இளைஞரின் கையைத் தட்டிவிட்டார். "வளத்த அக்கா மேல ஒயரு கட்டறதா? வெக்கமா இல்ல? எனக்கும் ஒரு அக்கா இருக்கு லா. எனக்கு நாப்பது வயசாவுது, இன்னும் என் தட்டுல எவ்ளோ சோறு கெடக்குன்னு எட்டிப் பாக்கும்." பிறகு என்னிடம், "நீங்க போங்கக்கா. அவன் என்னா சொன்னாலும் அப்படியே வந்து சொல்லுங்க, அது போதும்" என்றார்.

வளர்த்த அக்காவை எங்களில் யாரும் சந்தேகப்படுவதில்லை. அவர் செய்த தவறு அது ஒன்றுதான். அதற்கு வேறு பெயர் வைக்காதீர்கள்.

ஜன்னலுக்குப் போனேன். கண்ணாடிப் பட்டைகளைத் திறந்து முகத்தைக் காட்டினான். வியர்த்திருந்தான்.

"சாப்டியாக்கா?" என்று கேட்டான்.

"என்னாடா பண்ணி வெச்சிருக்க."

"முடிஞ்சிருச்சிக்கா. லோஷினி பேசிட்டா. ஜெயிலுக்குப் போனாலும் காத்திருக்கேன்னு சொல்றா. குடிய விட்டுட்டு வந்தா லாயாங் லாயாங் ஊர்ல தனியா வீடு பாத்துக்கலாமாம். கத்திய வெச்சிடறேன். நீ சார்ஜன்கிட்ட சொல்லு, அடிக்க வேணாம்னு. அப்புறம் முன்வாசல்ல நின்னு கூப்பிடு. நீ கூப்பிட்டா வந்துடறேன்."

உள்ளேயிருந்து லோஷினியின் குரல் கேட்டது. "அண்ணி, புள்ளைங்களுக்குத் தண்ணி மட்டும் குடுத்து அனுப்பச் சொல்லுங்க." சாதாரணமாகத்தான் பேசினாள். ஃபரீஹா எதற்கோ சிரித்ததும் கேட்டது.

நான் திரும்பினேன். அவன் மறுபடி கூப்பிட்டான். "அக்கா. இனிமே ஒனக்குத் தொல்ல இல்லக்கா. நீ நிம்மதியா இரு."

ஜன்னலிலிருந்து சார்ஜன் நின்ற இடம் ஒரு வீட்டுத் தூரம்தான். நடந்துகொண்டே யோசித்தேன். லோஷினி பயத்தில் வாக்குக் கொடுத்திருக்கிறாள் என்று யோசித்தேன். வெளியே வந்ததும் மறுபடி அடிப்பான், ஒரு நாள் அவளைக் கொன்றுவிடுவான் என்று யோசித்தேன். ஒரு பெண்ணாக அவளைக் காப்பாற்றுவது என் கடமை என்று தோன்றியது. இவை எல்லாம் நியாயமான எண்ணங்கள். நீங்களும் அப்படித்தான் யோசித்திருப்பீர்கள்.

"அவன் வரமாட்டான் தம்பி" என்றேன். "புள்ளைங்கள முடிச்சிட்டு நானும் போயிடறேன்னு சொல்றான்."

வீரமுத்து ஓர் அடி முன்னால் வந்தார். "நல்லாக் கேட்டீங்களாக்கா?"

"அவன் குரலு எனக்குத் தெரியாதா?"

அவர் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அதையேதான் சொன்னேன். அவர் மேலதிகாரியிடம் ஓடினார். அவர்கள் தயாராக இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடமும் என் தம்பி கத்தியை வைத்துவிட்டு முன்வாசல் கதவுக்குப் பின்னால் நின்று, நான் கூப்பிடுவேன் என்று காத்திருந்திருக்கிறான். நான் வண்டிக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். யாரோ குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தேன். லோஷினி பிள்ளைகளுக்குத் தண்ணீர் கேட்டது நினைவுக்கு வந்தது. சொல்லவில்லை.

அவன் ஒருவன்தான் போவான் என்று நினைத்தேன். ஃபரீஹாவை நான் நினைக்கவே இல்லை. சிரிப்பைக் கேட்டும் நினைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து வீரமுத்து சீருடை இல்லாமல் என் வீட்டுக்கு வந்தார். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். "அக்கா, அவன் அப்படித்தானே சொன்னான்? ஒரு தடவ சொல்லிடுங்கக்கா, எனக்குத் தூக்கமே இல்ல" என்றார். ஆமாம் என்றேன். "அப்படின்னா கடைசி நிமிஷத்துல மனசு மாறியிருக்கான், பாவம்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். தகவல் கிடைத்ததால் புகுந்தோம் என்றுதான் அவர் இன்றுவரை உங்களிடமும் சொல்லியிருக்கிறார். யார் தந்த தகவல் என்று கேட்டபோது வாய் திறக்கவில்லை. தம்பியைப் பறிகொடுத்தவள்மேல் அந்தப் பாரத்தையும் ஏற்றக் கூடாது என்று நினைத்திருப்பார்.

போன வாரம் விசாரணை முடிந்து வெளியே வரும்போது ஹலீம் பாய் வீரமுத்துவின் முகத்தில் துப்பினார். "எம்புள்ள தண்ணி தண்ணின்னு கேட்டுச்சாமே, ஒனக்குக் கேக்கலையாடா?" என்றார். கவிஷா சொல்லித்தான் அது அவருக்குத் தெரியும். வீரமுத்து கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றிருந்தேன். ஹலீம் பாய் என்னைப் பார்த்து, "மன்னிச்சுக்கங்கக்கா, பொம்பளைங்க முன்னால இப்படிச் செஞ்சுட்டேன்" என்றார். அந்த மன்னிப்பை என்னால் தாங்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

லோஷினியைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடித்துவிட வேண்டாம், அப்படியே இருக்கட்டும். ஆனால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவன் கொன்றுவிடுவேன் என்று சொல்லியிருந்தால், நான் சார்ஜனின் காலில் விழுந்து அவன் உயிரைக் கேட்டிருப்பேன். அவன் நிம்மதியாக இரு என்று சொன்னான். முப்பது வருடம் அவனைச் சுமந்தவளிடம், இறக்கி வைத்துவிடு, நான் போகிறேன் என்று சொன்னான். என் தம்பியை நான் கொன்றேன். லோஷினியையும், என்னிடம் ஒரு தடவை தன் வளையலைக் காட்டிய ஃபரீஹாவையும் நான்தான் கொன்றேன். வீரமுத்துவை விட்டுவிடுங்கள்.

என்னை என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரே ஒரு வேண்டுகோள் உண்டு. கவிஷா இப்போது என்னிடம் இருக்கிறாள். அன்று புகைக்குள்ளிருந்து ஓடி வந்தவள் என்னைத்தான் கட்டிக்கொண்டாள். நலத்துறையினர் தற்காலிகமாக என்னிடம் விட்டார்கள். நான் ஊட்டினால்தான் சாப்பிடுகிறாள். லோஷினியின் அம்மா கிருஷ்ணம்மா ஒவ்வொரு ஞாயிறும் யோங் பெங்கிலிருந்து பேருந்து ஏறி வந்து கேட்டுக்கு வெளியே நிற்கிறார். "ஒரு தடவ கண்ணுல காட்டும்மா, பாத்துட்டுப் போயிடறேன்" என்கிறார். தூங்குகிறாள் என்று சொல்லிவிடுவேன். அவள் தூங்குவதில்லை, கேட்டுச் சத்தம் கேட்டால் வாயை மூடிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்று பழக்கியிருக்கிறேன், நன்றாகவே நிற்கிறாள். குழந்தையை மட்டும் என்னிடமிருந்து பிரித்துவிடாதீர்கள். அவளுக்கு என்னை விட்டால் யாரும் இல்லை.