சிக்கந்தர் சாரின் ஒன்பது அட்டைகள்

தலைமை தாங்கும் மேலாளர் துரைசுவாமி அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பொறியாளர்களே, வேலையை நிறுத்திவிட்டு மலையிலிருந்து வந்திருக்கும் சுரங்கத் தொழிலாளர்களே, முன்வரிசையில் இருக்கும் கௌலத் அக்கா, அனைவருக்கும் வணக்கம்.

முதலில் என்னை மன்னிக்க வேண்டும். நின்று பேச எனக்கு வராது. அதனால் எழுதிக்கொண்டு வந்து படிக்கிறேன். எழுதுவதற்கும் எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. நான் அழகுத்தாய். கணக்கு மையத்தில் அட்டைகளில் துளையிடும் பிரிவில் தற்காலிக வேலையில் இருக்கிறேன். சூரியநெல்லி தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்திலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்.

நம் மூத்த புரோகிராமர், பெருமதிப்பிற்குரிய சிக்கந்தர் அவர்கள் இறந்து பத்து நாளாகிறது. மலைச் சுரங்கத்தில் வெடித்த பாறை அவரையும் தொழிலாளி சின்னையன் அவர்களையும் நசுக்கியது. இருவரையும் போர்வையில் அள்ளித்தான் கொண்டுவந்தார்கள். மறுநாள் நம் வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டப்பட்டது. விபத்துக்குக் காரணம், கணக்கைத் தயாரித்த சிக்கந்தரின் கவனக்குறைவு என்று அதில் இருக்கிறது. சாரின் மனைவி கௌலத் அக்கா என்னிடம், "நெசமா அம்மணி? அந்த ஆளக் கொன்னது எங்க ஊட்டுக்காரரா?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

சிக்கந்தர் சார் எப்படிப்பட்டவர்? சாதுவானவர் என்று இங்கே இருவர் பேசினார்கள். இல்லை. அவர் சாது இல்லை. அவருக்கும் இன்னொரு புரோகிராமரான ராமபத்ரன் சாருக்கும் நடந்த சண்டைகளைப் பார்க்காதவர் நம் மையத்தில் யார் இருக்கிறார்கள்? எதற்காகச் சண்டை? நிலத்துக்காகவா? பதவிக்காகவா? கம்ப்யூட்டருக்குக் கணக்கு எழுதும் மொழிக்காக!

சுரங்கத் தோழர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். கணக்கில் வரும் ஒவ்வொரு பெயரும் முழு எண்ணா, பின்னம் உள்ள எண்ணா என்று முதலிலேயே ஓர் அட்டையில் அறிவிக்கலாம். அறிவிக்காவிட்டால் பெயரின் முதல் எழுத்தைப் பார்த்து அந்த மொழியே முடிவு செய்துகொள்ளும். அறிவித்தே ஆக வேண்டும், கணக்கின் படிகளை வரைபடமாகப் போட்ட பிறகே எழுத வேண்டும் என்பார் சிக்கந்தர் சார். ஓட்டிப் பார்த்துத் திருத்திக்கொண்டால் போதும் என்பார் ராமபத்ரன் சார்.

"எந்துக்காக்கும் இந்த ஜாதகம் எழுத்து? மெஷினுக்குத் தெரியும்டா. நோக்குத்தான் ஒண்ணும் தெரியலை" என்பார் ராமபத்ரன் சார்.

"மெஷினு அதுவா ஒண்ண நெனச்சுக்கும், சாமி. நெனைக்க உடலாமா? உம்மைய நெனைக்க உட்டதுக்கே மையம் இந்த லட்சணத்துல கெடக்குது."

இப்படிச் சிரிப்பாகத்தான் தொடங்கும். பிறகு அட்டைப் பெட்டி பறக்கும். மே மாதம் பறந்த இரும்புப் பெட்டி என் தலைக்கு மேலே போய்ச் சுவரில் மோதியது. அன்று ராமபத்ரன் சாரின் கழுத்தைப் பிடித்து, முகத்தை மேசையோடு வைத்து அழுத்தியவர் சிக்கந்தர் சார். பல் உடைந்து, துளையிட்ட அட்டைகளின் மேல் இரத்தம் சிந்தியது. அந்த அட்டைகளை நான்தான் மறுபடி துளையிட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து அவர்கள் குரல் உயர்ந்தாலே அட்டைப் பெட்டிகளை மேசைக்கு அடியில் தள்ளிவிடுவேன். இறந்தவரைப் புகழ வேண்டிய இடத்தில் இதைச் சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள். அவர் மேல் இருந்த பயம் இல்லாவிட்டால் இந்த விபத்தே இல்லை.

பள்ளிவாசல் ஊருக்கு மேலே மலையில் நடக்கும் சுரங்க வேலைக்கு, வெடி வைக்கும் திரியை எத்தனை அடி வெட்ட வேண்டும் என்று பட்டியல் கேட்டிருந்தார்கள். கணக்கை எழுதியவர் சிக்கந்தர் சார். பெயர்களைத் தமிழிலேயே வைப்பது அவர் வழக்கம். திரியின் நீளத்துக்கு NEELAM என்று வைத்திருந்தார். N எழுத்தில் தொடங்கும் பெயரை அந்த மொழி முழு எண்ணாகவே எடுத்துக்கொள்ளும், பின்னத்தை வெட்டி எறிந்துவிடும். அது அவருக்குத் தெரியாதா? தெரியும். அதற்காகத்தான் கணக்கு அட்டைக் கட்டின் தலையில் ஒன்பது அறிவிப்பு அட்டைகளை வைத்திருந்தார். ஒரு அட்டை காணாமல் போனாலும் கண்ணுக்குத் தெரியட்டும் என்று, கட்டின் மேல்விளிம்பில் குறுக்காக ஒரு சிவப்புப் பென்சில் கோடும் போட்டிருந்தார்.

அட்டைக் கட்டை மெஷினில் ஓட்ட வேண்டிய நாளில் அவர் விடுப்பில் இருந்தார். ராமபத்ரன் சார் என்னைக் கூப்பிட்டு, "முன்னாடி இருக்கற ஒம்பதையும் எடுத்துடு கொழந்தே, அது வெறும் அலங்காரம்" என்றார். எடுத்தேன். எடுத்ததும் கோட்டின் தொடக்கம் வெட்டுப்பட்டுத் தெரிந்தது. சார் வந்து பார்த்தால் மறுபடியும் இரத்தம் சிந்தும் என்று பயந்தேன். பழைய கோட்டை அழித்துவிட்டு, புதிதாக ஒரு கோடு போட்டேன்.

ஆம், நான் போட்டேன். இந்தக் கையால் போட்டேன்.

பட்டியலில் எல்லாம் முழு அடியாக விழுந்தது. வெட்ட வசதியாக இருக்கிறது என்று மலையில் மகிழ்ந்தார்களாம். ஆறே முக்கால் அடி, ஆறு அடியானது. முக்கால் அடித் திரி எரிய அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தில்தான் கடைசி ஆள் வெளியே ஓடிவர வேண்டும்.

விடுப்பு முடிந்து வந்த சிக்கந்தர் சார் பட்டியலின் நகலைப் பார்த்தார். கட்டைப் பிரித்து எண்ணினார். என் மேசைக்கு வந்தார். அடிக்கப் போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். பட்டியல் எப்போது போனது என்று மட்டும் கேட்டார். முந்தின நாள் என்றேன்.

"கோடு நீ போட்டதா?"

தலையாட்டினேன்.

"சண்டை வருமுன்னு பயந்துட்டயா? செரி, வந்து பேசிக்கலாம்."

மலைக்குத் தகவல் சொல்ல டிரங்க் கால் கிடைக்கவில்லை, அவரே கிளம்பினார். உடுமலைக்கு லாரி, அங்கிருந்து மறையூர் வழியாக பஸ். மேலே நடந்ததை மேஸ்திரி ஏசுரத்தினம் அண்ணன் என்னிடம் சொன்னார். "திரி பத்தாது, ஆளக் கூப்பிடுன்னாரு. பத்த வச்சாச்சே சார்ன்னேன். நான் சொல்லி முடிக்கல, உள்ள ஓடிட்டாரு. ஒரு ஆளத் தள்ளிக்கிட்டு வந்து வெளிய விட்டாரு. சின்னையன் உள்ள இருக்கான்னு திரும்பவும் போனாரு. அப்ப வெடிச்சிருச்சு, தாயி."

கவனக்குறைவு என்றா இதற்குப் பெயர்? ஒன்பது அட்டை வைத்தவரின் கவனக்குறைவா? திரி எரிவது தெரிந்தும் இரண்டாவது முறை உள்ளே போனவரின் கவனக்குறைவா? கௌலத் அக்கா, நீங்கள் கேட்டதற்கு என் பதில் இதுதான். அந்த ஆளைக் கொன்றவர் உங்கள் வீட்டுக்காரர் இல்லை.

நேற்று ராமபத்ரன் சார் என்னிடம், வாயைத் திறந்தால் இருவருக்கும் வேலை போகும் என்றார். போகட்டும். வேலை மிஞ்சினால், நான் துளையிடும் ஒவ்வொரு கட்டின் தலையிலும் அறிவிப்பு அட்டை இருக்கும். யார் கத்தினாலும் அதை எடுக்க மாட்டேன். சிக்கந்தர் சாருக்கு நான் செய்யக்கூடிய அஞ்சலி அதுதான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இதை எழுதிவிட்டு இருமுறை அடித்தேன், மறுபடியும் எழுதினேன். துரைசுவாமி அவர்களே, திங்கட்கிழமை விசாரணையை நடத்துபவர் நீங்கள்தான். சாட்சிப் பட்டியலில் என் பெயர் இல்லை. அதைச் சேருங்கள். நோட்டீஸிலிருந்து சிக்கந்தர் சாரின் பெயரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் என் பெயரை எழுதுங்கள். பக்கத்தில் இன்னொரு பெயர் வர வேண்டுமா என்பதை, மூன்றாம் வரிசையில் இருக்கும் ராமபத்ரன் சார் எழுந்து சொல்லட்டும். துரைசுவாமி அவர்களே, கௌலத் அக்கா காதில் விழும்படி, சம்மதம் என்று இப்போதே ஒரு வார்த்தை சொல்லுங்கள். சொல்லும்வரை நான் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன்.