சம்பந்தி சுடும் வெல்ல தோசை

திருப்போரூர் கோயில் நிறுத்தத்தில் ஏறிய இரண்டு பெண்கள், செங்கல்பட்டு பேருந்தில் என் முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள்.

"அவ சுடுற தோச கருகிப் போவணும்னு முருகன்கிட்ட வேண்டிக்கினேன்க்கா," என்றாள் ஜன்னலோரம் இருந்தவள்.

"யாரு சுடுற தோச?" என்று மூத்தவள் கேட்டாள்.

"என் மருமவளோட அம்மாதான். பேத்தி லீவுக்கு அங்க போய்ட்டு வந்ததுலேர்ந்து அந்த ஆயாவோட வெல்ல தோசதான் வேணும்னு ஒரே அழுவ."

"நீயும் சுட்டுக் குடேன். கோதும மாவும் வெல்லமும்தானே, அதுல இன்னா கீது?"

"சுட்டேன்க்கா. நெய் ஊத்தி, முந்திரிகூட போட்டேன். ஒரு வாய் தின்னுட்டு, 'அந்த ஆயாது மாதிரி இல்ல'ன்னு தட்டத் தள்ளிட்டா. வயிறு எரிஞ்சுபோச்சு. பொறந்ததுலேர்ந்து அவள குளிப்பாட்டி வளத்தது நானு!"

"அப்ப சம்மந்திகிட்டயே பக்குவத்தக் கேளு."

"நான் போய் அவகிட்ட கேக்கறதா?"

பேருந்து இரண்டு நிறுத்தங்களைக் கடந்தது. பிறகு ஜன்னலோரத்தவள் கைப்பேசியை எடுத்தாள்.

"சம்மந்தி, நல்லா கீறீங்களா? ஞாயித்துக்கெழம நம்ம வூட்டுக்கு வாங்க. கொழந்த உங்க தோச கேட்டுகினே கீறா."

மூத்தவள் அவளையே வியப்போடு பார்த்தாள்.

"வந்து சுடட்டும்க்கா. ஊட்டி வுடறது நான்தான்."