அப்பாவின் செல்

துவாரகா செல்லும் மெட்ரோ ரயிலில், மருத்துவமனையிலிருந்து திரும்பும் தாயும் மகனும் என் எதிரே அமர்ந்திருந்தனர்.

"அப்பாவோட செல் நிறையச் செத்துப்போச்சும்மா."

"சார்ஜ் போட்டா வந்துடுமேடா."

"ஐயோ, ஃபோன் இல்லம்மா. மூளையில இருக்கற செல்."

"அடைப்பை எடுத்தாச்சு, ரத்தம் ஓடறதுன்னாளே?"

"ஓடறது. ஆனா, பட்டினி கிடந்த செல்லுக்குள்ள ஆக்ஸிஜன் திடீர்னு பாஞ்சா, அதுவே விஷமாயிடறதாம். தாங்க முடியாம தானாவே செத்துடுமாம்."

"நான்தானே ஜல்தி ஜல்தின்னு டாக்டரை அவசரப்படுத்தினேன்?"

"எடுக்கலேன்னா அப்பாவே இருந்திருக்க மாட்டார்மா."

"என்னை இனிமே அடையாளம் தெரியுமாடா அவருக்கு?"

அந்த அம்மாள் கைப்பையிலிருந்து கணவரின் கைப்பேசியை எடுத்து, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல ஃபுல் சார்ஜ் இருக்குடா" என்றார்.